பாலூட்டும் தாய்மாருக்கு வேலைக்காலத்தில் ஏற்ற எளிய ஆகாரம்

நடவுக்காலம் வந்துவிட்டால் கிராமத்தில் ஒருவருக்கும் ஓய்வில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள் முதல் நாற்றங்கால், உழவு, அண்டை வெட்டுதல், நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. நடவு இயந்திரங்கள் பல ஊர்களிலும் வந்துவிட்ட போதிலும், களையெடுத்தல், நிலக்கடலை ஆய்தல், பருத்தி எடுத்தல், தானியம் புடைத்தல் முதலியவை பெரும்பாலும் பெண்மக்களின் கைகளாலேயே இன்றும் நடைபெறுகின்றன. அவ்வாறு வயலில் இறங்கும் பெண்களுள் கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாரும் பலர் உளர். சொந்த நிலத்தில் வேலை செய்யும் குடியானவர் வீட்டுப் பெண்ணாயினும் சரி, கூலிக்கு வரும் பெண்ணாயினும் சரி, அவள் செய்வது இரண்டு பேர் வேலை. ஒன்று வயலில் எல்லாரும் காண நடப்பது. மற்றொன்று அவள் உடலுக்குள் இரவும் பகலும் இடைவிடாமல் நடப்பது.

இத்தகைய தாய் வேலை மும்முரமான நாட்களில் என்ன உண்கிறாள் என்று கணக்கிட்டுப் பார்த்தால் வருத்தமே உண்டாகும். விடியுமுன் எழுந்து, வீட்டாருக்குச் சமைத்து வைத்து, தான் ஒரு குவளை நீராகாரமோ தேநீரோ அருந்தி வயலுக்குச் செல்கிறாள். பிற்பகல் வீடு திரும்பிய பின், மற்றவர் உண்டு மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் உண்கிறாள். இரவிலும் கடைசிப் பந்தி அவளுடையதே. சமைக்க நேரமில்லை என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அக்காரணம் மெய்யே. ஆனால், நேரமில்லாத நாட்களுக்கென்றே முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடிய ஆகாரங்கள் நமது நாட்டில் பல உண்டு. அவற்றுக்கு வேண்டிய பொருள்களும் பெரும்பாலும் நமது நிலத்திலேயே விளைவன. அவற்றைக் கொண்டு பாலூட்டும் தாயின் ஆகாரத்தை ஒழுங்கு செய்யும் வகை இங்கே கூறப்படுகிறது.

பாலுக்கு வேண்டிய சத்து

கறவைப் பசுவுக்குத் தீவனம் வைப்பதில் நமது குடியானவர்கள் மிகுந்த அக்கறையுள்ளவர்கள். பசுவின் உடலைப் பேணுவதற்கு ஒரு பங்கு தீவனமும், அது கறக்கும் பாலுக்கு அதன்மேல் மற்றொரு பங்கும் தரவேண்டுமென்பது அவர்கள் அறிந்ததே. ஏறக்குறைய இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்ற கணக்கு பல பண்ணைகளில் வழக்கத்தில் உள்ளது. கறவை நின்ற பசுவுக்கு வைக்கும் தீவனத்தையே கறவைப் பசுவுக்கும் வைத்துவிட்டு நிறைந்த பாலை எதிர்பார்ப்பவர் எவருமில்லை. இந்த நியாயம் மனிதருக்கும் பொருந்தும்.

பிறந்து சில வாரங்கள் சென்ற குழந்தைக்குத் தாய் சுரக்கும் பால் நாள் ஒன்றுக்குச் சுமார் முக்கால் லிட்டர் ஆகும். இந்தப் பாலை உண்டாக்கத் தாய்க்கு அவளுடைய வழக்கமான ஆகாரத்துக்கு மேல் எவ்வளவு வேண்டுமென்பதை ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகள் தெளிவாக்குகின்றன. அவற்றின்படி, முதல் 6 மாதங்களில் நாள்தோறும் 600 கிலோகலோரி அதிகமாக வேண்டும்; 7 முதல் 12 மாதம் வரை 520 கிலோகலோரி அதிகமாக வேண்டும். புரதம் முதல் 6 மாதங்களில் சுமார் 17 கிராமும், அதன்பின் சுமார் 13 கிராமும் கூடுதலாக வேண்டும். சுண்ணாம்புச்சத்து நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும். மிதமான வேலை செய்யும் பெண்ணுக்கு 2,130 கிலோகலோரியும், கடினமான வேலை செய்யும் பெண்ணுக்கு 2,720 கிலோகலோரியும் அந்நிறுவனத்தார் வகுத்துள்ளனர். ஆகவே, கடினமாக உழைத்துக்கொண்டு கைக்குழந்தைக்குப் பாலும் கொடுக்கும் தாய்க்கு 3,300 கிலோகலோரிக்கு மேல் தேவைப்படுகிறது. இது வீட்டில் உள்ள பலருடைய தேவையினும் மிகுந்தது. கடைசிப் பந்தியில் எஞ்சியதைக் கொண்டு இத்தேவை நிறைவேறுமா என்பதை ஒவ்வொரு குடும்பத் தலைவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தாய் உண்ணாவிடில் நேர்வது என்ன?

ஆகாரம் குறைந்த தாய்க்கும் பால் சுரக்கத்தான் செய்கிறது. கடும் பட்டினி இருந்தாலன்றிப் பாலின் அளவு எளிதில் குறைவதில்லை. இதனால்தான் தாயின் ஆகாரக் குறைவு வெளியில் தெரியாமல் போகிறது. குழந்தை வளர்வதைக் காணும் வீட்டார், தாய்க்கும் குறையொன்றுமில்லை என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் ஆகாரத்தில் கிடைக்காததை அவளுடைய உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. தசையும் கொழுப்பும் கரைகின்றன. பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்தின் ஒரு பகுதி எலும்பிலிருந்தே செல்கிறது; குழந்தை பால் மறந்தபின் எலும்பு மீண்டும் தேறுவது இயல்பு, ஆனால் அதற்கு வேண்டிய பொருளும் ஆகாரத்திலிருந்தே வரவேண்டும். பிரசவத்தில் இழந்த இரத்தம் ஊறுவதற்கு முன்னரே வெயிலில் இறங்கும் தாய் சோகை பிடித்து, மூச்சு வாங்கி, சிறு வேலைக்கும் களைத்துப் போகிறாள். அடுத்த பிரசவம் அந்த நிலையிலேயே வருமாயின், அது தாய்க்கும் பிறக்கும் சிசுவுக்கும் ஆபத்தாக முடியக்கூடும்.

வேறு சில சத்துக்களோ, தாயின் ஆகாரத்தில் குறைந்தால் பாலிலும் குறைந்துவிடுகின்றன. பி-1 என்னும் ஜீவசத்து இவற்றுள் ஒன்று. இதைப் பற்றிய வரலாறு நமது நாட்டைச் சார்ந்தது. 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் நீலகிரி குன்னூரில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த ஆகார ஆராய்ச்சிச் சாலையே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் வட ஜில்லாக்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்டுவந்த மக்களிடையே பெரிபெரி மிகுதியாக இருந்தது. புழுங்கலரிசி உண்ட தென் ஜில்லாக்களில் அது அரிதாகவே காணப்பட்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுவதே இதற்குக் காரணம். இச்சத்துக் குறைந்த தாயின் பாலை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு 2 முதல் 5 மாதத்துக்குள் பெரிபெரி கண்டு, இருதயம் தளர்ந்து, சில மணி நேரத்தில் உயிர் பிரிவதும் உண்டு. தாயோ பார்வைக்கு நன்றாகவே இருப்பாள். வெறும் வெள்ளைச் சோறும் இரசமும் மட்டும் தாய்க்குக் கொடுப்பது எவ்வளவு கேடானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பி-12 என்னும் ஜீவசத்தும் இத்தகையதே. இது தானியத்திலும் கீரையிலும் இல்லை. பால், தயிர், மோர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. புலால் உண்ணாத குடும்பங்களில் பாலூட்டும் தாய்க்குப் பாலும் தயிரும் தவறாமல் கிடைக்கச் செய்தல் வேண்டும். பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு, வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு தம்ளர் மோரும் மிஞ்சாமற் செய்யும் வழக்கம் திருத்தத்தக்கது.

பத்தியம் பற்றிய சில கருத்துக்கள்

பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் வைக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. இதில் நன்மையான பகுதி ஒன்றும், தீமையான பகுதி ஒன்றும் கலந்திருக்கின்றன. பூண்டு, மிளகு, சீரகம், சுண்டைவற்றல், நல்லெண்ணெய், பால்சுறாப் புட்டு முதலியவற்றைச் சேர்ப்பது நல்லதே. அவை பசியைத் தூண்டிச் சோற்றுக்குச் சுவையும் புஷ்டியும் தருவன. ஆனால் பருப்பு வாயு, கீரை மாந்தம், பழம் குளிர்ச்சி என்று சொல்லி ஒவ்வொன்றாக விலக்கிவிட்டால் எஞ்சுவது வெறுஞ்சோறுதான். தாய்க்குச் செரிக்கும் எந்த ஆகாரத்தையும் இவ்வாறு விலக்க வேண்டுவதில்லை.

தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் தீமையானது. பாலின் பெரும் பகுதி நீரே. வெயிலில் வேலை செய்பவளுக்கு வியர்வையாலும் நீர் வெளியேறுகிறது. தாகம் எடுக்கும்போதெல்லாம் காய்ச்சி ஆறிய தண்ணீரோ மோரோ தாராளமாக அருந்த வேண்டும். ஒவ்வொரு முறை குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் ஒரு குவளை நீர் அருகில் இருத்தல் நலம்.

பால் பெருகுவதற்கு இன்ன கீரை, இன்ன லேகியம் என்று பலரும் பலவாறு சொல்வர். பால் சுரப்பதற்கு மூலகாரணம் குழந்தை உறிஞ்சுவதேயாகும். அடிக்கடி கொடுக்கக் கொடுக்கச் சுரப்பும் பெருகும். நெடுநேரம் கொடாமலிருந்தால் சுரப்பு வற்றும். ஆகாரம் தாயின் வலிமையைக் காக்கிறது. சுரப்பைக் காப்பது குழந்தையின் வாய். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தலும், 6 மாதம் நிறையும் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் கொடாதிருத்தலும், அதன்பின் மற்ற ஆகாரங்களுடன் 2 வயது வரையேனும் பால் கொடுத்தலும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈன்ற பசுவின் சீம்பாலைக் கன்றுக்கு ஊட்டுவது எவ்வளவு அவசியமென்று அறிந்த குடியானவர் வீட்டில், பிறந்த குழந்தைக்கு அது மறுக்கப்படுதல் தகாது.

முன்கூட்டிச் செய்துவைக்கும் ஆகாரங்கள்

வேலை தொடங்குமுன் வரும் ஓய்வு நாளில் அரைநாள் செலவிட்டால், கீழ்க்கண்டவற்றைச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

1. முளைகட்டிய சத்துமாவு. கேழ்வரகு 1 கிலோவும் பச்சைப்பயறு 300 கிராமும் தனித்தனியே கல் நீக்கிக் கழுவி, ஓர் இரவு ஊறவைக்கவும். நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை காணும். வெயிலில் நன்கு உலர்த்தி, முளையைத் தேய்த்துப் புடைத்து, மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து அரைத்துச் சலிக்கவும். சூடு ஆறியபின் ஈரமில்லாத தகர டப்பாவில் இட்டு மூடவும். நாள் ஒன்றுக்கு 60 கிராம், அதாவது இரண்டு கைப்பிடி என்ற கணக்கில் இது மூன்று வாரத்துக்கு வரும். வேண்டும்போது இரண்டு தம்ளர் நீரில் கரைத்து, அடிபிடியாமல் கிளறி ஏழெட்டு நிமிஷம் கொதிக்கவைத்து, 20 கிராம் வெல்லம் சேர்த்தால் கஞ்சி தயார். வீட்டில் பால் இருந்தால் அரைத் தம்ளர் ஊற்றலாம். முளைகட்டுவதால் தானியத்திலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது எளிதாகிறது. கஞ்சியும் எளிதில் செரிக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அது மிகச் சொற்பமே.

2. எள்ளும் கடலையும் சேர்ந்த உருண்டை. நிலக்கடலைப் பருப்பு 200 கிராமை வறுத்துத் தோல் நீக்கவும். எள் 100 கிராமைப் பொரியும்வரை வறுக்கவும். இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, வெல்லம் 200 கிராம் சேர்த்து மறுபடியும் இடித்தால் எண்ணெய் கசிந்து உருண்டை பிடிக்க வரும். பாகு காய்ச்ச வேண்டுவதில்லை. இதில் 20 உருண்டைகள் ஆகும். நாளைக்கு இரண்டாகப் பத்து நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் வித்துக்கள் நாட்பட்டால் காறல் வாசனை பற்றுமாதலால் ஒரே சமயத்தில் அதிகம் செய்தல் வேண்டா.

3. சுண்டல். காராமணி, கொள்ளு, பச்சைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை இவற்றில் ஏதேனும் ஒன்றில் ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம், முதல்நாள் இரவே ஊறப்போட்டுக் காலையில் உலை வைக்கும் அடுப்பிலேயே வேகவைத்து உப்பிடவும். உண்ணும்போது எலுமிச்சம்பழச்சாறு சில துளி பிழிந்துகொண்டால், புளிப்பிலுள்ள சி ஜீவசத்தினால் பயற்றின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

4. முருங்கைக்கீரைப் பொடி. கீரையை உருவிக் கழுவி, நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்தவும். வறுத்த உளுந்து, எள், மிளகாய், பூண்டு, உப்பு இவற்றுடன் சேர்த்து இடிக்கவும். இரண்டு கவளம் சூடான சோற்றில் இப்பொடியும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் பிசைந்து உண்ணலாம். இட்லி, தோசை, அடைக்கும் ஆகும். வெயிலில் உலர்த்தினால் கீரையின் ஏ ஜீவசத்து பெரிதும் அழியுமாதலால் நிழலே உகந்தது.

5. கம்பங்கூழ். இரவில் காய்ச்சி வைத்த கூழைக் காலையில் மோர்விட்டு, சிறு வெங்காயம் சேர்த்துக் கரைத்து அருந்த இரண்டு நிமிஷமே போதும். இதற்கு அடுப்பு மூட்ட வேண்டுவதில்லை.

மேற்கண்டவற்றில் கஞ்சி ஒரு வேளையும், உருண்டை இரண்டும், சுண்டல் ஒரு கைப்பிடியும் உண்டால் கிடைப்பது எவ்வளவு என்று கணக்கிடுவோம். வெல்லமிட்ட கஞ்சியில் சுமார் 270 கிலோகலோரியும் ஆறரை கிராம் புரதமும் உள்ளன. உருண்டை இரண்டில் சுமார் 230 கிலோகலோரியும் மற்றொரு ஆறரை கிராம் புரதமும் உள்ளன. சுண்டலில் சுமார் 100 கிலோகலோரியும் 7 கிராம் புரதமும் உள்ளன. ஆகக்கூடி 600 கிலோகலோரியும் 20 கிராம் புரதமும் ஆகின்றன. பாலூட்டும் தாய்க்குக் கூடுதலாக வேண்டுமென்று வகுத்த அளவு இதனால் நிறைவேறிவிடுகிறது. ஆனால் இவை மூன்று வேளை உணவுக்கு மேற்பட்டவை என்பதை மறத்தல் கூடாது. கஞ்சியைக் கொடுத்துவிட்டுச் சோற்றைக் குறைத்தால் பயனில்லை.

வேலை நாளின் ஆகார முறை

விடியற்காலையில் வயலுக்குப் புறப்படுமுன் மோர் கரைத்த கம்பங்கூழோ, நீரூற்றிய பழஞ்சோறோ வயிறு நிறைய உண்ண வேண்டும். வெறும் தேநீருடன் வயலில் இறங்குதல் கூடாது. உருண்டை இரண்டைத் துணியிலோ சிறு டப்பாவிலோ எடுத்துச் சென்று, முற்பகல் பத்து மணிக்கு வரப்பில் அமரும்போது உண்ணலாம். அதற்குக் கையும் காலமும் அதிகம் வேண்டா. நண்பகலில் புழுங்கலரிசிச் சோறு, கீரை போட்ட பருப்பு, மோர் ஆகியவை இருக்கட்டும். புலால் உண்போர் முட்டையோ, முள்ளோடு மென்று தின்னக்கூடிய சிறு மீனோ, நெத்திலிக் கருவாடோ சேர்த்துக்கொள்க. பிற்பகலில் சுண்டல். மாலையில் வீடு திரும்பியதும் அடுப்படியில் நுழையுமுன் சத்துமாவுக் கஞ்சி. இரவுச் சோறு எல்லாரோடும் ஒன்றாக. இரவில் குழந்தை அழும்போது எழுந்தால் பசி தோன்றுவது இயல்பு. ஆகையால் படுக்கையருகில் ஒரு செம்பு தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் வைத்திருத்தல் நன்று. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாமல் உப்பிட்டு அருந்தினால் அதில் கரைந்துள்ள பி-1 சத்தும் வீணாகாது. சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே வழங்குக.

கவனிக்க வேண்டியவை

பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை விலை போகாதென்று வீட்டுக்கு வைத்துக்கொள்ளுதல் மிகவும் தவறு. அப்பூஞ்சணத்திலுள்ள அஃப்ளடாக்ஸின் என்னும் விஷம் தாய் உண்டால் தாய்ப்பாலிலும், பிண்ணாக்காகப் பசு உண்டால் பசுவின் பாலிலும் கலக்கிறது. கடலையைப் பறித்தவுடன் காயை நன்கு உலர்த்தி, உலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கும் பதம் வந்தபின் சேமிக்கவும். சுருங்கியதும், நிறம் மாறியதும், பசுமைப் பூஞ்சணம் கண்டதுமான பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடவும்.

பூச்சிமருந்து கரைத்தலும் தெளித்தலும் பாலூட்டும் தாய்க்கு உரிய வேலையல்ல. மருந்து அடித்த வயலில் குறித்த நாள் கழியுமுன் அவளை இறக்கலாகாது. வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, மேற்சேலையை மாற்றியபின்னரே குழந்தையை எடுத்தல் வேண்டும்.

களைப்புத் தெரியாமலிருக்கப் புகையிலை போடும் வழக்கம் சில பெண்களிடம் உண்டு. அதன் நஞ்சு பாலில் கலந்து குழந்தைக்குச் செல்லுமாதலால் அதை அறவே நீக்க வேண்டும். சாப்பாட்டோடு தேநீரும் காப்பியும் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பிரசவத்துக்குப் பின் 180 நாள் வரை கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெற்றுத் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

குழந்தையை வீட்டில் விட்டுச் செல்ல நேர்ந்தால், கையைக் கழுவிக்கொண்டு பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் சுத்தம் செய்த பாத்திரத்தில் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். வெயில் நாளில் கூடிய விரைவில் கொடுத்துவிட வேண்டும். 4 மணி நேரத்துக்கு மேல் வைத்தல் கூடாது. சீசாவை விடச் சங்கினால் புகட்டுதலே சுத்தமானது. குழந்தை எடை கூடாமலிருந்தாலும், தாய்க்கு மூச்சிரைப்பும் கால்வீக்கமும் கண்டாலும் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவும்.

நிலத்திலேயே விளைவித்தல்

மேற்சொன்ன ஆகாரங்களுக்குக் கடைக்குச் செல்ல வேண்டுவது சொற்பமே. கொல்லையில் இரண்டு முருங்கை, ஒரு பப்பாளி, ஓர் எலுமிச்சை, வேலியில் கொடிப்பசலை, சாக்கடை நீர் பாயும் இடத்தில் வாழை, ஒரு பாத்தியில் தண்டுக்கீரை இருந்தால் ஆண்டு முழுவதும் கீரைக்கும் பழத்துக்கும் குறைவிராது. பெரியகுளத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை விதையிட்ட ஆறு மாதத்தில் காய்க்கும் தன்மையுள்ளது. வயல் வரப்புகளில் உளுந்தும் காராமணியும் ஊன்றலாம். வாய்க்கால் கரையில் அகத்தி வைக்கலாம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன் ஈரப்பதத்தில் தெளிக்கும் உளுந்தும் பயறும் இந்த வகையில் பெரிதும் உதவும். விளைந்த பயறு முழுவதையும் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிட்டு, பின்னர் கடையில் கால் கிலோ வாங்குவது இலாபமன்று. மானாவாரி நிலமுடையோர் கம்பும் கேழ்வரகும் சிறிதளவாவது வீட்டுக்கென்று பயிரிட்டுக் கொள்ளுதல் நலம்.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், தொழிற்சாலை முதலியவற்றில் வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தை 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வுக்கு மேல் நாளொன்றுக்கு இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தரவேண்டுமென்று விதித்தது. வயல் வேலைக்கு வரும் பெண்ணுக்கும் குழந்தையின் பசி அதே பசிதான். ஆகவே நிலமுடையோர் தமது வயலில் வேலை செய்யும் பாலூட்டும் தாய்க்குக் கூலி பிடிக்காமல் முற்பகலிலும் பிற்பகலிலும் ஒவ்வோர் இடைவேளை அளித்தால், அது சட்டத்துக்காகச் செய்வதினும் சிறந்த தர்மமாகும். வரப்போரத்து மரநிழலிலோ கீற்றுக் கொட்டகையிலோ தொட்டில் கட்டவும் அமர்ந்து பாலூட்டவும் இடமும், ஒரு குடம் நல்ல தண்ணீரும் இருந்தால் போதும். நடவாட்களுக்குத் தேநீரும் வடையும் வாங்கித் தரும் வழக்கமுள்ள இடங்களில், அதே செலவில் சுண்டலும் மோரும் கொடுத்தால் எல்லாருக்குமே புஷ்டியாகும்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது முதல், பாலூட்டும் தாய்மாருக்கும் துணை ஆகாரம் அளிப்பது அதன் பணிகளுள் ஒன்றாக இருந்து வருகிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை தாய்க்கு இவ்வாகாரம் இலவசமாகக் கிடைத்தல் உரிமை என்று வகுத்து, அதன் அளவையும் 600 கிலோகலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்று குறித்தது. அங்கன்வாடியில் கொடுக்கப்படும் சத்துமாவு தாய்க்கு உரியது. அது மாட்டுத் தொட்டிக்குப் போகாமலும், வீட்டிலுள்ள பிற பிள்ளைகளுக்கே தீர்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுதல் வீட்டார் கடமை. ஊராட்சித் தலைவரும், கிராம நிர்வாக அலுவலரும், அங்கன்வாடிப் பணியாளரும் நடவும் அறுவடையும் தொடங்குமுன் ஒருமுறை கூடி, ஊரில் கைக்குழந்தையுள்ள தாய்மார் எத்தனை பேர், அவர்களுள் பெயர் பதியாதவர் யார், வெளியூரிலிருந்து கூலிக்கு வந்து தங்கியுள்ளோர் எவர் என்று விசாரித்தறிந்தால் ஒருவரும் விடுபடார்.

எனினும், இவை யாவற்றிலும் முதற்காரியம் வீட்டுக்குள் நடக்க வேண்டியதாகும். மாமியாரும் கணவரும் மனம் வைத்து, பாலூட்டும் பெண்ணைக் கடைசிப் பந்தியிலிருந்து எழுப்பி முதற்பந்தியில் உட்கார்த்தினால் பாதிக் குறை அன்றே தீர்ந்துவிடும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. மாவு அரைக்கவும் கடலை இடிக்கவும் அரைநாள் ஆண்மக்களும் கைகொடுத்தால் எஞ்சிய குறையும் தீரும். விதைநெல்லைத் தனியே எடுத்து வைக்காத குடியானவர் இல்லை. அவ்வாறே வரும் வேலைக்காலத்துக்கு முன் ஒரு டப்பா சத்துமாவும் இருபது உருண்டைகளும் வீட்டுத் தாய்க்கென்று எடுத்து வைக்கப்படுமாக.